பருப்பு வேகும் தண்ணீர்

இப்போதுதான் கழுத்து நிற்கத் தொடங்கியிருக்கும் என் மகனுக்கு,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். படிப்புக்கோ வேலைக்கோ இந்த எடப்பாடியை விட்டு நீ கிளம்புகிற அன்று உன் கையில் கொடுக்க வேண்டிய கடிதம் இது. ஊர் வழக்கப்படி பார்த்தால், தலை நரைத்து மூக்குக் கண்ணாடி மாட்டிய பிறகுதான் ஒரு அப்பன் இப்படிக் கடிதம் எழுத வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எனக்கு வயது இருபத்தாறு. சொல்ல வேண்டியது இன்றைக்குச் சூடாக இருக்கிறது. இருபது வருஷம் ஆறப்போட்டால், அதற்குள் இந்தக் கதையில் என்னை நானே நல்லவனாக்கிக்கொண்டுவிடுவேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. காலையில்தான் உன் அம்மா வாழப்பாடியிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குதிரை வண்டியை விட்டு இறங்கி, வாசலில் ஆரத்தி எடுத்து முடிவதற்குள் அவள் சொன்ன முதல் வார்த்தை, “பருப்ப ஏத்துங்க” என்பதுதான். நம் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெந்தால் இன்றைக்கு அந்தத் தண்ணீரில் உன்னைக் குளிப்பாட்டுவாள், அதையே குடிப்பாள், இங்கேயே இருப்பாள். வேகாவிட்டால் சாயங்கால பஸ்ஸில் இருவரும் வாழப்பாடிக்குத் திரும்பிப் போவீர்கள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கொண்டுவந்த மூட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. நான் இதற்குள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். “தம்பி, இப்பிடித் தொறந்து தொறந்து பாத்தா எந்தத் தண்ணியிலயும் வேகாதுங்க. போயி எதையாச்சும் எழுதிட்டு உக்காருங்க” என்று அண்ணி, அதாவது உன் பெரியம்மா, கரண்டியைக் காட்டி என்னை அடுக்களையிலிருந்து விரட்டிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

பட்டணத்தில் இரண்டு வருஷம் சாயத்தொழில் படித்துவிட்டு, தராசு, வெப்பமானி, ஒரு பெட்டி நிறைய மருந்துக் குப்பிகள் இவற்றோடு நான் ஊருக்குத் திரும்பினேன். பட்டறையை நடத்துகிறவர் அண்ணன், உன் பெரியப்பா. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். சாயத் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்து, “உப்புப் பத்துலடா, இன்னொரு படி போடு” என்பார். நான் நிறுத்துப் போட்டாலும் அதே அளவுதான் வரும். அது எனக்கு ரொம்ப எரிச்சலாக இருக்கும். நீ அவரைப் போல ஒருவரிடம் வேலை பார்க்க நேர்ந்தால் எரிச்சல்படு, பரவாயில்லை. ஆனால் அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எரிச்சல்படு. நான் அதைச் செய்யவில்லை.

நூலை வெளுக்க பிளீச்சிங் பவுடர், சாயம் நூலில் பிடிக்க உப்பு, அதற்குமேல் டப்பாவில் வரும் சீமைச் சாயம். வேலை முடிந்ததும் மீந்த தண்ணீர் எல்லாம் தெருச் சாக்கடையில் போகும். திங்கட்கிழமை சாக்கடை சிவப்பு, புதன்கிழமை பச்சை. கோடி வீட்டுப் பாவாயி அக்காவின் வெள்ளைக் கோழி ஒரு நாள் அதில் இறங்கிப் பச்சையாக ஏறி வந்தது. அக்கா கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள். “ஏஞ்சாமி, எங்கூட்டுக் கோழிக்குச் சாயம் போட்டுட்டீங்க. நல்லாத்தான் இருக்குது. பாவாடைக்கு ஒரு கரையும் வெச்சுக் குடுத்துருங்க.” தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் மானம் போயிற்று. படித்தவன் இருக்கும் பட்டறையிலிருந்து இப்படித் தண்ணீர் போகலாமா? அன்று மத்தியானமே கடப்பாரையை எடுத்துவிட்டேன்.

பட்டறைக்குப் பின்னால் ஆளுயரக் குழி வெட்டி, அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் சரபங்கா ஆற்று மணல், அதன்மேல் கரித்தூள் என்று பரப்பினேன். சாயத் தண்ணீர் குழிக்குள் போகும். நிறத்தை மணலும் கரியும் பிடித்துக்கொள்ளும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அண்ணன் குழியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“குழிக்குள்ள போற தண்ணி அப்புறம் எங்கடா போவும்?”

“மண்ணுக்குள்ள போயிரும்ணா.”

“மண்ணுக்குள்ள போயி?”

“அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ என்ற வார்த்தையை, மகனே, நான் எழுதியதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகப் படி. தண்ணீருக்கு ‘அவ்வளவுதான்’ கிடையாது. குழியிலிருந்து தெருக் கிணறு பதினான்கு தப்படி. நான் எண்ணிப் பார்த்தது பிற்பாடு. வெட்டும்போது எண்ணவில்லை.

ஒரே வாரத்தில் தெரு சுத்தமாயிற்று. பாவாயி அக்காவின் கோழி வெள்ளையாகவே திரிந்தது. எனக்குச் சோடாவும் முறுக்கும் வாங்கிக்கொடுத்தார்கள். என்னைப் பார்த்து இன்னும் மூன்று பட்டறைகளில் அதே மாதிரிக் குழி வெட்டினார்கள். நானே அளவு போட்டுக் கொடுத்தேன். மேட்டூரில் காவிரியையே கட்டி நிறுத்திவிட்டார்கள் என்றால், எடப்பாடியில் ஒரு தெருச் சாக்கடையை நான் நிறுத்திவிட்டேன் என்று எனக்குள் ஒரு கொழுப்பு. அந்தக் கொழுப்போடுதான் எட்டு மாதம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டேன்.

உன் அம்மா வந்த இரண்டாம் நாள் அடுக்களையில் பருப்பை ஏற்றினாள். வேகவில்லை. மறுநாளும் வேகவில்லை. ஊறவைத்துப் பார்த்தாள், விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள், விறகை மாற்றினாள், சட்டியை மாற்றினாள். பருப்பு குளித்துவிட்டு வந்தது போல அப்படியே உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் அண்ணி எப்படிச் சமைத்தார்கள் என்று நீ கேட்பாய். வேகத்தான் வெகுநேரம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானதால் விறகு ஈரம், இந்தத் தடவை பருப்பு மட்டம் என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் களியும் கீரையுமாகக் கடத்திவிட்டார்கள். தெருவில் மற்ற வீடுகளிலும் இதே கதைதான். புது மருமகள் வந்ததும் பழி போட ஓர் ஆள் கிடைத்தாயிற்று.

“வாழப்பாடியில பருப்பு வேக வெக்கப் பழக்கலியா, கண்ணு?” என்பார்கள் அண்ணி, கெட்ட எண்ணம் இல்லாமல்தான். பாவாயி அக்காவுக்கு அவ்வளவு இரக்கம் கிடையாது. உன் அம்மா ‘வீடு’ என்று சொல்வதையே நாள் முழுக்கக் கேலி செய்கிறவள். “‘வீடு, வீடு’ன்னு சுத்தமாப் பேசுறா. ஊட்டுல பருப்புத்தான் வேவுல. இந்தத் தெருவுல உம்பட பருப்பு வேவாது, சாமி!” இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னது அவளுக்கே அவ்வளவு பிடித்துப்போய், கிணற்றடியில் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் உன் அம்மா என்னிடம், “ஏங்க, தண்ணியிலதான் ஏதோ இருக்கு. எங்க ஊர்த் தண்ணி மாதிரி இல்ல. லேசாக் கரிக்குது. சோப்புகூட நுரைக்க மாட்டேங்குது” என்றாள். இப்போது எழுதக் கை கூசுகிறது. நான் ஒரு கண்ணாடித் தம்ளரில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாரு, ஒரு தூசு இருக்கா? ஒரு நிறம் இருக்கா?” என்றேன். “கண்ணாடி மாதிரித்தான் இருக்குங்க. ஆனா பருப்பு வேகலையே?” என்றாள். “அப்ப உன் கையிலதான் கோளாறு” என்றேன். சாயக்காரன் புத்தி அது. நாள் முழுக்க நிறத்தையே பார்க்கிறவனுக்கு நிறம் இல்லாவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. உப்பைக் கண்டுபிடிக்கும் மருந்து என் பெட்டியில், கருப்புக் குப்பியில், மூடி திறக்காமல் கிடந்தது. நாலு சொட்டு விட்டிருந்தால் போதும். நான் தம்ளரைத் தூக்கிப் பார்த்தேன், பெண்டாட்டியைக் குறை சொன்னேன், பட்டறைக்குப் போய்விட்டேன்.

அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்காதே. உன் அம்மாவை நீ இருபது வருஷம் பார்த்திருப்பாய், உனக்கே தெரியும். மறுநாள் விடிந்ததும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு குடம் கொண்டு வந்தாள். ஒரே அளவுள்ள இரண்டு சட்டி, இரண்டிலும் எண்ணி ஐந்து பிடி பருப்பு, இரட்டை அடுப்பில் ஒரே விறகு. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் ஊற்றுத் தண்ணீர். எதில் எது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சட்டியின் கழுத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு. வெந்து முடிகிற நேரத்துக்கு அண்ணியையும் பாவாயி அக்காவையும் கூப்பிட்டு, “அக்கா, ரெண்டையும் அமுக்கிப் பாத்து எது வெந்திருக்குன்னு நீங்களே சொல்லுங்க” என்றாள். நான் இரண்டு வருஷம் காசு கட்டிப் படித்த முறை அது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு சட்டியில் விரலை வைத்தால் மாவு. இன்னொன்றில் எடுத்த பருப்பைப் பாவாயி அக்கா சுவரில் வீசினாள். டிக் என்று சத்தம் கேட்டது. “இத வெச்சுப் பல்லாங்குழி ஆடலாம்டீ!” என்றாள். உன் அம்மா அந்த வேகாத சட்டியைத் திருப்பினாள். ஊற்றுத் தண்ணீருக்கு வைத்த பொட்டு இதில் இல்லை. கிணற்றுத் தண்ணீர்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கிணற்றுத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டதும் தம்ளர் முழுக்கத் தயிர் போலத் திரிந்தது. ஊற்றுத் தண்ணீரில் மேகம் போல லேசாக ஏதோ வந்தது, அவ்வளவே. அந்த நிமிஷம் எல்லாம் புரிந்தது. மணலும் கரியும் நிறத்தை மட்டும்தான் பிடித்துவைத்தன. உப்பும், பிளீச்சிங் பவுடரிலிருந்து வந்த சுண்ணாம்புச் சத்தும் கரைந்த தண்ணீரோடு தண்ணீராக, சல்லடையில் காற்றுப் போவது போல இறங்கிப் போய்விட்டன. சாக்கடை அசிங்கமாக இருந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது, ஊரைத் தாண்டிக் களர் நிலத்தில் போய் விழுந்தது. நான் அதை அழகாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கி, தொட்டியிலிருந்து கிணற்றுக்கு நேர்வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவும் நாலு பட்டறைக்கு.

அண்ணனிடம் சொன்னேன். அவர் மீசையைத் தடவினார். “குழிய மூடிரலாம். எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லாத. ஊரு சிரிக்கும்” என்றார். அவர் பயம் சிரிப்பு மட்டுமல்ல. தெருக்காரர்கள் பட்டறையையே மூடச் சொன்னால் இரண்டு குடும்பமும் தெருவில் நிற்கும். எனக்கும் பயம்தான். ஆனால் மூன்று வீட்டுக்காரர்கள் என் பேச்சை நம்பிக் குழி வெட்டியிருக்கிறார்கள். காரணம் சொல்லாமல் அவர்களை எப்படி மூடச் சொல்வது? என் அவசரம் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நல்ல காரியம் செய்தது அன்றைக்குத்தான். யோசித்தால் தைரியம் போய்விடும் என்று, பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோதே கிணற்றடிக்குப் போய், “இந்தத் தண்ணியக் கெடுத்தது நான். என்னோட குழி. எங்க ஊட்டுல பருப்பு வேகாததுக்கு அவ காரணம் இல்ல” என்று சொல்லிவிட்டேன்.

கிணற்று ராட்டினம் நின்றுவிட்டது. பாவாயி அக்காதான் குடத்தை இறக்கி வைத்தாள். “அட சாமி, பட்டணத்துல ரெண்டு வருசம் படிச்சதே எங்க கெணத்துக்கு உப்புப் போடத்தானா? அத நாங்க வாயில ஒரு கல்லு போட்டுக் குடிச்சிருப்பமே!” பிறகு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் திட்டினார்கள். அது நியாயம், நின்று வாங்கிக்கொண்டேன். எனக்கு ‘வேகாப்பருப்பு’ என்று பேர் வைத்தார்கள். இன்றுவரை அதுதான் பேர். நீ படிக்கிற காலத்தில் யாராவது உன்னை ‘வேகாப்பருப்பு மகன்’ என்றால் கோபித்துக்கொள்ளாதே, நியாயமான பேர். போகும்போது அக்கா உன் அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, “உம்பட பருப்பு வெந்துருச்சு போ” என்றாள். அதுதான் அவள் மன்னிப்புக் கேட்கும் விதம்.

நாலு குழியிலும் இருந்த மணலையும் கரியையும் தோண்டி எடுத்து மூடினோம். அதற்குப் பதிலாக, அடியிலும் பக்கத்திலும் சிமெண்டு பூசிய அகலமான தொட்டி கட்டினோம். மீந்த தண்ணீர் அதில் நின்று எடப்பாடி வெயிலில் காய்ந்து போகும். குடிக்க எல்லோரும் ஆற்று ஊற்றுக்குப் போனார்கள். வெளுப்புக்கு மட்டும் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரையே இறைப்பது என்று ஏற்பாடு. கிணற்றிலிருந்து எடுத்த உப்பு திரும்பக் கிணற்றுக்குப் போகாது. “உப்புக் கெணறு வெட்டுன மொதலாளி நாமதான்டா” என்று அண்ணனே கேலி பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

ஆனால் தொட்டி காய்ந்ததும் அடியில் அழுக்கு உப்பு தோல் தோலாக உரிந்து நின்றது. அதைச் சுரண்டி மூட்டை கட்டினோம். எங்கே கொட்டுவது? அண்ணன், “சரபங்காவுல வெள்ளம் வர்றப்ப உட்டுட்டா போவுது. ஒரு நாழியில காவேரி. யாருக்குத் தெரியும்?” என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உன் அம்மா பெரியப்பா முன்னால் நின்று பேச மாட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணியிடம் சொல்வது போலத்தான் சொல்வாள். அன்றும் அப்படித்தான். “அக்கா, மாமாகிட்ட ஒண்ணு கேளுங்க. கீழ இருக்குற ஊர்லயும் எவளாவது மருமகளா வந்திருப்பா இல்ல?”

அண்ணனே முதல் மூட்டையை உள்ளே தூக்கினார். மூட்டைகளைக் கூரை போட்ட அறையில், சிமெண்டுத் தரையில் அடுக்கினோம். இப்போது பதினொன்று இருக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது போல உனக்கு எழுதவும் மாட்டேன். பழைய சாயத் தண்ணீரிலேயே அடுத்த சாயத்தைப் போட்டு உப்பைப் பாதியாகக் குறைக்கப் பார்க்கிறேன். நீ எந்தத் தொழிலுக்குப் போனாலும், சாமான் எங்கிருந்து வருகிறது என்று நூறு பேர் உனக்குச் சொல்வார்கள். மீந்தது எங்கே போகிறது என்று நீதான் கேட்க வேண்டும். கேட்டால் எரிச்சல்படுவார்கள். நான் பட்டேனே.

பிரசவத்துக்கு வாழப்பாடிக்குக் கிளம்பும்போது உன் அம்மா சொன்னாள்: “அந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வெந்தா எழுதுங்க. அப்பதான் பிள்ளையைத் தூக்கிட்டு வருவேன்.” மாதாமாதம் அமாவாசையன்று அண்ணி சட்டியை ஏற்றுவார்கள். நான் தபால் கார்டில் ‘வேகவில்லை’ என்று ஒரே வார்த்தை எழுதிப் போடுவேன். மூன்றாவது கார்டைப் பார்த்ததும் தபாலாபீஸ்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏனுங்க, இது கதர்க்காரங்க சங்கேதமா? எனக்கு வேலை போயிரும்ங்க” என்றார். அவருக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்புறம் கார்டு வாங்கப் போனாலே, “இந்த மாசமாச்சும் வெந்துச்சுங்களா?” என்று கேட்பார். நீ பிறந்தாய். உன் நாக்கில் முதல் சொட்டாகச் சர்க்கரை கரைத்த சேனைத் தண்ணீர் தொட்டு வைத்தது உன் அம்மாவைப் பெற்ற அப்பா. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், நான் வைக்காதது உன் அதிர்ஷ்டம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. போன அமாவாசைக்கு அண்ணி ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்தார்கள். ஓரம் மாவாகிவிட்டது, நடுவில் மட்டும் ஒரு மணல் போல நின்றது. ‘வெந்தது’ என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். உன்னைப் பார்க்கிற ஆசை. அண்ணி அந்தப் பருப்பை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்கள். ‘முக்கால் வெந்தது’ என்று எழுதினேன்.

அதற்குப் பதில் கார்டு வந்தது: ‘மீதிக் காலை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.’

இதுதான் இன்றைய கதை. இதோ, உள்ளே மூடி விழுகிற சத்தம் கேட்கிறது. பாவாயி அக்காவும் வந்துவிட்டாள், குரல் கேட்கிறது. “வேகாப்பருப்பு எங்க போயிட்டாரு? வரச் சொல்லுங்க.” போய் வருகிறேன்.

வந்துவிட்டேன். முதலில் பாவாயி அக்கா அமுக்கினாள், பிறகு அண்ணி, பிறகு உன் அம்மா. மூன்று பேரும் ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்த்தார்கள். வேண்டுமென்றே. என் பொறுமையைச் சோதிக்கிறார்களாம். உன் அம்மாதான் கடைசியில் கரண்டியில் இரண்டு பருப்பை எடுத்து நீட்டி, “நீங்களே பாருங்க, தம்ளரைத் தூக்கிப் பாக்காம” என்றாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தேன். அமுக்கக்கூட இல்லை.

இப்போது முற்றத்தில் வெந்நீர் அண்டா ஏறியிருக்கிறது. அவிழ்த்த மூட்டையிலிருந்து உன் துணிகளைப் பெரியம்மா உதறிக்கொண்டிருக்கிறார்கள். நீ குளியல் பலகையில் கத்துகிற கத்தல் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது. அவசரத்தில் நீ என் பிள்ளைதான், தாத்தா வைத்த சேனை ஒன்றும் பலிக்கவில்லை. சோப்பு நுரைத்து உன் காதெல்லாம் வழிகிறது. கை துடைக்காமல் ஓடிவந்து எழுதுகிறேன். இந்தத் தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல் தடம் இருக்கும், பார். சாயம் என்று நினைத்துவிடாதே. அது பருப்பு.

உன் அப்பா